ரஸ்தாளிக்கும் பேக்ஹேண்டுக்கும் ஒரே சீக்கு

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. முதல்ல அந்த செல்லை அணைச்சு மடியில வை. முந்தாநாள் நீ தோத்த ஆட்டத்தை நேத்து ராத்திரியிலேருந்து நாப்பது தடவ போட்டுப் பாத்துட்டியாம், உங்கம்மா சொல்றா. ஒரு தடவையாவது ஜெயிச்சியா? எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ‘கர்ணன்’ படத்தை ஆறு தடவ பாத்தேன். ஆறு தடவையும் தேர்ச் சக்கரம் சேத்துல மாட்டத்தான் செஞ்சுது.

உன் வீடியோவையும் பாத்தேன்டா. ஊறுகாய் ஜாடியிலேருந்து எண்ணெய் வழியிற மாதிரி மெதுவா ஓடுது. மேல சிவப்புல ஒரு கோடு, பச்சையில ஒரு வட்டம். மணிக்கட்டு இத்தனை டிகிரி, பேட் இத்தனை டிகிரி. கோச் ‘ரிஸ்ட்’டுங்கிறாரு, உன் சிநேகிதன் ‘டைமிங்’குங்கிறான், கடைக்காரன் ‘ரப்பர்’ருங்கிறான். இதுல கடைக்காரன் பேச்சைத்தான் நீ உடனே கேட்டிருக்க. புதுசா ஒட்டின அந்த ரப்பர் என் கணக்குல பத்து தார் பூவன். ஒரு கைக்கு இத்தனை வைத்தியர் வந்தா அந்தக் கை என்னதான் செய்யும், பாவம்.

எனக்கு என்ன தெரியும் இந்த ஆட்டத்தைப் பத்தி! பொன்மலை ரயில்வே பட்டறையில 31 வருஷம் ஃபிட்டர். மிச்ச நேரத்துக்குக் கொள்ளிடத்துக்கு அந்தாண்ட ஒண்ணேகால் ஏக்கர் வாழை. இப்பக்கூட 18 தார் முத்திப் போய்க் கெடக்கு, வெட்டித் தூக்க ஆள் கெடைக்கல. அது என் கவலை, விடு. பட்டறை நாள்ல ஷிஃப்ட் முடிஞ்சதும் நாலு பேர் பிங்பாங் ஆடுவாங்க. நான் ஆடினேன்னு சொன்னா நாக்கு அழுகிடும், பந்து பொறுக்குவேன். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. எந்தப் பந்து எங்க போய்ச் சாகுதுன்னு ஆடுறவனை விடப் பொறுக்குறவனுக்குத்தான் நல்லாத் தெரியும். அவன்தானே குனியிறான்.

முந்தாநாள் நான் சும்மா உக்காந்திருக்கல. சட்டையில வலது பை நிறைய கொட்டைப்பாக்கு. நீ பேக்ஹேண்ட்ல ஒரு பாயிண்ட் விட்டா ஒரு பாக்கை இடது பைக்கு மாத்துறது. நாலு கேம் முடிஞ்சப்போ இடது பையில 14 பாக்கு. ‘பாத்தீங்களா தாத்தா, என் பேக்ஹேண்ட் அவ்வளவு மோசம்’னு மூஞ்சியைத் தொங்கப் போட்ட. இரு. அந்தப் பதினாலையும் இப்போ திண்ணையில கொட்டி ரகம் பிரிப்போம், மண்டியில காய் பிரிக்கிற மாதிரி.

அதுக்கு முன்னாடி ரஸ்தாளிக் கதை. ரஸ்தாளிக்கு வாடல் நோய் வரும், தெரியுமில்ல? அடி இலை ஓரத்துல மஞ்சள் கட்டும். அப்புறம் இலை முறிஞ்சு மரத்தைச் சுத்திப் பாவாடை மாதிரி தொங்கும். புதுசா வாழை போட்டவன் என்ன செய்வான்? இலையைப் பாப்பான், இலையைக் கழிப்பான், இலைக்கு மருந்தடிப்பான். நோய் இலையிலயா இருக்கு? பூஞ்சாணம் மண்ணுல இருக்கு. வேர் வழியாப் புகுந்து கிழங்குக்குப் போய் தண்ணி போற பாதையை அடைச்சுடும். கட்டையை வெட்டிப் பாத்தா உள்ள செம்பழுப்பா ஓடியிருக்கும். என் பேச்சுல நம்பிக்கையில்லன்னா தாயனூர்ல வாழைக்குன்னே தேசிய ஆராய்ச்சி நிலையம் இருக்கு, போய்க் கேளு. உன் வீடியோ மொத்தமும் இலையைப் படம் பிடிச்ச வீடியோடா.

சரி, பாக்குக்கு வா. இந்த ஆறைத் தனியா எடுத்து வை. இந்த ஆறுலயும் நடந்தது ஒரே கூத்து. நீ சர்வீஸ் போடுற. பந்து உன் இடது பக்கம் திரும்பி வருது. பேக்ஹேண்டுக்குன்னே பொறந்து வந்த பந்து. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரி நேரா வாசலுக்கு வருது. நீ என்ன பண்ற? கொல்லைப்புறமாச் சுத்தி ஓடி, இடது மூலையைத் தாண்டி நின்னு, ஃபோர்ஹேண்டால ஒரு போடு போடுற. கைதட்டல். உன் சிநேகிதன் விசில் வேற. எதிர்ல நின்ன பையன் அலட்டிக்கவே இல்ல. பேட்டைச் சும்மா வெச்சான். பந்து உன் வலது கடைசிக்குப் போகுது. நீ மூச்சு வாங்க அங்க ஓடி எப்படியோ தொட்டுட்ட. அடுத்த பந்தை அவன் திரும்ப இடது மூலைக்குத் தள்றான். இப்போதான் உன் பேக்ஹேண்ட் வேலைக்கு வருது: ஒத்தைக் கால்ல, உடம்பு மேசைக்கு வெளிய, பந்து தாண்டிப் போனப்புறம். நெட். உடனே தலையில கை வெச்சு பேட்டைத் திருப்பித் திருப்பிப் பாக்குற. பேட் என்னடா பண்ணும்? அந்தப் பாயிண்ட் மூணு பந்துக்கு முன்னாடியே செத்துப் போச்சு. நீ இப்போதான் அழுவுற. கர்ணனுக்கு மட்டும் கையிலயா கோளாறு?

நம்ம ஸ்ரீரங்கத்துப் பெருமாள் இருக்காரே, அவர் தெக்க பாத்துக்கிட்டே காலம்பூரா சயனத்துல இருக்கலாம். விபீஷணனுக்குக் குடுத்த வாக்கு. உனக்கு யாரு வாக்குக் குடுத்தா, ஃபோர்ஹேண்ட் பக்கமே பாத்துக்கிட்டு நிப்பேன்னு? அதே விபீஷணன் கதையில உச்சிப் பிள்ளையாரை எடுத்துக்க. பெருமாள் சிலையைக் கீழ வெச்சுட்டு மலை உச்சி வரைக்கும் ஓடினாரு. ஓடியும் என்ன? நெத்தியில குட்டு விழுந்துச்சு, வடு இன்னும் இருக்குங்கிறாங்க. சுத்தி ஓடுறவனுக்கு அது எப்பவும் உள்ளதுதான்.

‘தாத்தா, கொரியாக்காரர் ரியூ சியுங் மின் அப்படி ஓடித்தானே ஒலிம்பிக் தங்கம் வாங்கினாரு’ன்னு கேக்கப் போற. தெரியும், உன் மூஞ்சியிலேயே இருக்கு. 2004, ஏதென்ஸ். பேனா பிடிக்கிற மாதிரி பேட்டைப் பிடிச்சு, பேக்ஹேண்ட்ல சும்மா தடுத்துக்கிட்டு, மிச்சத்தையெல்லாம் ஃபோர்ஹேண்டாலயே முடிச்சாரு. இறுதி ஆட்டத்துல எதிர்ல யாரு? சீனாவோட வாங் ஹாவ். அவரும் பேனாப் பிடிதான். ஆனா பேட்டோட பின்பக்கத்தாலேயே பேக்ஹேண்ட் அடிச்சு உலகத்தையே மிரட்டினவர். அவரையே இவர் ஜெயிச்சாரு. ஒத்துக்கிறேன். இப்போ உன் செல்லுல அந்த ஆட்டத்தைப் போடு. கையைப் பாக்காத, அவர் தொடையைப் பாரு. அப்புறம் குனிஞ்சு உன் தொடையைப் பாரு. பாத்துட்டியா? சரி, மேல போவோம்.

நம்ம ஊர்க்காரங்களையே எடுத்துக்க. சென்னை சரத் கமல். ஃபோர்ஹேண்ட் அடிச்சா அந்தச் சத்தம் பக்கத்து மேசைக்காரனைத் திரும்பிப் பாக்க வைக்கும். 2006-ல மெல்போர்ன் காமன்வெல்த்துல தனிநபர் தங்கம். 16 வருஷம் கழிச்சு, 40 வயசுல, 2022-ல பர்மிங்ஹாம்ல மறுபடியும் தங்கம். நடுவுல பந்தே மாறிப் போச்சுடா. செல்லுலாய்டு போய் 2014-லேருந்து பிளாஸ்டிக் பந்து. சுழல் கொஞ்சம் மட்டு, முரட்டு அடிக்குப் பழைய பலன் கெடைக்காது. இன்னொருத்தன்னா மூட்டை கட்டியிருப்பான். அந்த மனுஷன் முப்பது வயசுக்கு மேல தன் இடது பக்கத்தை உக்காந்து செப்பனிட்டாரு. டோக்கியோ ஒலிம்பிக்ல மா லாங்கிட்ட தோத்தாரு, ஆனா ஒரு கேமைப் பறிச்சுட்டுத்தான் தோத்தாரு. தேசிய பட்டம் மட்டும் பத்து. 2025 மார்ச்சுல சென்னையிலேயே பேட்டைக் கீழ வெச்சாரு. அவர் இடது பக்கத்தைப் பாத்து ஓடல. உனக்குப் பதினேழு வயசுலயே அது சம்பந்தி வீடு மாதிரி ஆயிடுச்சு, பாத்தா ஒதுங்கிப் போற.

அடுத்த நாலு பாக்கு. இது முழங்கைப் பந்து. வலக்கைக்காரன் உனக்கு, பந்து நேரா வலது இடுப்புக்கிட்ட வருது. பேக்ஹேண்டா, ஃபோர்ஹேண்டா? சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேருந்து வர்றவன் மாம்பழச்சாலையில இறங்கி, இடது கைப் பக்கம் ஸ்ரீரங்கம் போறதா, வலது கைப் பக்கம் திருவானைக்கோயில் போறதான்னு நடு ரோட்டுல நிப்பான் பாரு, அந்த நிலை. அவன் நிக்கிற நேரத்துல பஸ் அடிச்சுட்டுப் போயிடும். உனக்கும் அதேதான் ஆச்சு. அந்தப் பையன் கெட்டிக்காரன். ரெண்டாவது கேம்லயே உன் மாம்பழச்சாலையைக் கண்டுபிடிச்சுட்டான். அதுக்கப்புறம் எங்கயும் போகல, அங்கயே கடை போட்டுட்டான்.

இதுக்கு வைத்தியம் கையில இல்லடா. பேக்ஹேண்ட்னா வலது பக்கம் அரை அடி தள்ளி, பந்து தொப்புளுக்கு நேரா வர்ற மாதிரி நில்லு. ஃபோர்ஹேண்ட்னா இடது பக்கம் அரை அடி. ரெண்டுல எதுவானாலும் சரி, சீக்கிரம் முடிவு பண்ணு. நீ காலை நட்டுட்டு இடுப்பை மட்டும் வளைச்ச. கூட்டத்துல கடன்காரனைப் பாத்தவன் அப்படித்தான் வளைவான்.

சத்தியனைப் பாத்திருக்கியா? அவரும் சென்னைதான், இன்ஜினீயரிங் படிச்ச பையன். மேசையை ஒட்டி நின்னு, பந்து எழும்பும்போதே பேக்ஹேண்டால டக்டக்னு தட்டுவாரு. நடுப் பந்தையெல்லாம் பெரும்பாலும் பேக்ஹேண்டுக்கே வாங்கிக்குவாரு, யோசனையே கிடையாது. 2019-ல உலகத் தரவரிசையில முதல் 25-க்குள்ள போன முதல் இந்தியர் அவர்தான். அதே வருஷம் ஆசிய சாம்பியன்ஷிப்ல ஜப்பானோட ஹரிமோட்டோவைச் சாய்ச்சாரு. பேக்ஹேண்டுக்கே பேர் போன பையனை. அவர் தோள் அசையிறதைப் பாத்தியா? நான் பாக்கல. கால் மட்டும் கோழி தானியம் பொறுக்குற மாதிரி குட்டிக் குட்டியா நகந்துக்கிட்டே இருக்கும். 2021 தேசியப் போட்டி இறுதி ஆட்டத்துல சரத்தையே தோக்கடிச்சாரு. உனக்கு யாரை மாதிரி ஆடணும்னு நீயே முடிவு பண்ணிக்க. என்னை மாதிரி ஆடணும்னா பந்து பொறுக்கலாம்.

காலுக்குப் பாடம் வேணும்னா யூடியூப் எதுக்குடா? உத்திர வீதியில வீட்டை வெச்சுக்கிட்டு! நம்பெருமாள் புறப்பாட்டை எத்தனை தடவ பாத்திருப்ப? நடையழகுக்குத்தானே ரங்கன் பேர் வாங்கினாரு. சிம்ம கதிங்கிறாங்க, சர்ப்ப கதிங்கிறாங்க. அவரு மேல உக்காந்திருக்காரு, நடக்கிறது யாரு? கீழ இருக்கிற ஸ்ரீபாதந்தாங்கிகள். தோள்ல அத்தனை பாரம், ஆனாலும் முட்டியை லேசா மடக்கி, எடையை ஒரு கால்லேருந்து அடுத்த காலுக்கு வழிய விடுறதைப் பாரு. ஒருத்தர் காலாவது நட்ட கம்பமா நிக்குதா? உன் தோள்ல என்ன பாரம்? 2.7 கிராம் பந்து. அதுக்கு நீ நிக்கிற நிலையைப் பாத்தா கருடகம்பமே உன்கிட்ட வந்து பாடம் கேக்கும்.

ரெண்டு பாக்கு. இது ரொம்ப வெக்கக்கேடு. ஆட்டத்துக்கு முன்னாடி எதிராளி பேட்டை வாங்கிப் பாக்குற உரிமை உனக்கு இருக்கு. நீயும் வாங்கின. திருப்பிப் பாத்த. எந்தக் கம்பெனின்னு படிச்சுட்டு நல்ல பேட்டுன்னு சொல்லிக் குடுத்துட்ட. பொண்ணு பாக்கப் போனவன் வீட்டு மொசைக்கைப் பாத்துட்டு வந்த கதை. அதுல ஒரு பக்கம் நீளக் காம்பு ரப்பர்டா! சட்டத்துல எதுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு நிறம் வெச்சிருக்கான்? ஒரு காலத்துல ரெண்டு பக்கமும் ஒரே நிறம். மேசைக்கு அடியில பேட்டைத் திருப்பிப் போட்டு ஆளை ஏமாத்தினாங்க. எண்பதுகள்லதான் அதுக்குச் சட்டம் போட்டு முடிவு கட்டினாங்க. கறுப்புல அடிச்சானா, சிவப்புல அடிச்சானான்னு நீ பாக்கணும்னுதான். நீ அவன் ஷூவைப் பாத்துக்கிட்டிருந்த.

நீளக் காம்புங்கிறது மொய் மாதிரி. நீ 501 எழுதினா உன் வீட்டு விசேஷத்துல அவனும் 501 எழுதுவான். நீ டாப்ஸ்பின் வெச்சா அந்தச் சுழல் அப்படியே கட் ஆகித் திரும்பும். பேட்டைக் கொஞ்சம் திறந்து கீழேருந்து மேல தேய்ச்சு எடுக்கணும். நீ எப்பவும் போல மூடி அடிச்ச, நெட். நீ கட் வெச்சா, திரும்பி வரும்போது கட் இருக்காது, லேசா டாப்ஸ்பின்கூட இருக்கும். நீ திரும்பக் கட் பண்ணப் போய் பந்து பலூன் மாதிரி மேல போச்சு. அவன் ஒண்ணும் பண்ணலடா. நீ எழுதின மொய்யைத்தான் நோட்டுப் பாத்துத் திருப்பிச் செஞ்சான்.

இந்த ரப்பரைக் கேவலமா நெனைச்சுடாத. மணிகா பத்ரா பேக்ஹேண்ட்ல நீளக் காம்பை வெச்சுக்கிட்டுத்தான் 2018 கோல்ட் கோஸ்ட்டுல தனிநபர் தங்கம் வாங்கிச்சு. அய்ஹிகா முகர்ஜின்னு வங்காளத்துப் பொண்ணு; பேக்ஹேண்ட்ல சுழலே பிடிக்காத ஆன்டி-ஸ்பின் ரப்பர். 2024 பிப்ரவரியில கொரியாவுல பூசான்ல உலக நம்பர் ஒன் சன் யிங்ஷாவையே கவுத்துச்சு. இன்னும் பழைய கதை கேக்குறியா? 1952. உலக சாம்பியன்ஷிப் நம்ம பம்பாயில. எல்லாரும் காம்பு ரப்பர் பேட்டால டொக்கு டொக்குன்னு ஆடுற காலம். ஜப்பான்லேருந்து சதோன்னு கண்ணாடி போட்ட ஒருத்தர் வந்தாரு. பேட்டுல தடிமனா ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தாரு. அடிச்சா சத்தமே வரல. சத்தத்தை வெச்சு அடியை அளந்த சூரனெல்லாம் செவிடன் மாதிரி முழிச்சான். அவர் உலக சாம்பியன்.

ஆக ரப்பரால ஆட்டம் மாறும்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அவங்கெல்லாம் எதிராளியைக் குழப்ப ரப்பர் வாங்கினாங்க. நீ வாங்கின ரப்பர் உன்னையே குழப்புது. முந்தின ரப்பர்ல பந்து உள்ள விழுந்துச்சு, இதுல ரெண்டு அங்குலம் வெளிய போகுது. அதையும் பேக்ஹேண்ட் கணக்குலதான் எழுதின. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அவளாவது அதோட விட்டா; நீ கூடத்தை இடிச்சுப் புதுசா கட்டிட்டு, அதுவும் கோணல்ங்கிற.

மிச்சம் எத்தனை பாக்கு? ரெண்டு. இந்த ரெண்டுதான்டா நிசமாவே கைத் தப்பு. இதுக்கு மட்டும் நீ வீடியோ பாக்கலாம், நான் குறுக்க வரல.

ஒண்ணு, முழங்கை. பண்ணையார் முன்னாடி கக்கத்துல துண்டை இடுக்கிக்கிட்டு நிப்பாங்களே அந்தக் காலத்துல, அந்த மாதிரி முழங்கையை விலாவோட ஒட்டி வெச்சுக்கிட்டு பேக்ஹேண்ட் ஆடுற. யாருக்கு இத்தனை பணிவு? முழங்கை உடம்பை விட்டுக் கொஞ்சம் முன்னால வரணும். அங்கேருந்து முன்கை கதவு மாதிரி திறக்கணும். கீல் செவுத்தோட ஒட்டிக்கிட்டா கதவு எப்படித் திறக்கும்? ஃபிட்டர் சொல்றேன், கேளு. பேக்ஹேண்டுக்குப் பின்னால இழுக்க இடமே கிடையாது, உன் வயிறு தடுக்குது. அதனால சின்ன இழுப்பு, முன்னாலயே தொடு, பந்து எழும்பி உச்சிக்கு வர்றப்போ. நீ ஃபோர்ஹேண்டுக்கு இழுக்கிற மாதிரி இதுக்கும் வாங்கி இழுத்து, பந்து வந்து சேந்தப்புறம் வழிய அனுப்புற பஸ் கண்டக்டர் மாதிரி கையை ஆட்டுற.

இன்னொண்ணு, அந்த வாழைப்பழ ஃபிளிக். அதைக் கேட்டதும் எனக்கு ஒரே பெருமை. நம்ம சரக்கைப் பத்திப் பேசுறாங்களேன்னு. செக் நாட்டு பீட்டர் கோர்பெல் தொண்ணூறுகள்ல அதை ஆடிக் காட்டினாரு, சீனாவோட ஜாங் ஜிகே அதை உலகத்துக்கே தொத்து நோயாக்கினாரு. 445 நாள்ல உலகப் பட்டம், உலகக் கோப்பை, ஒலிம்பிக் தங்கம் மூணையும் அள்ளின ஆளு. மேசைக்குள்ளேயே குட்டையா விழுற சர்வீஸ். முழங்கையைத் தூக்கி, மணிக்கட்டை உள்ள மடக்கி, பேட் நுனி உன் வயித்தைப் பாக்குற மாதிரி வெச்சு, பந்தோட பக்கவாட்டுல தேய்ச்சா அது வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு போகும். நீ ஆடினப்போ வளைஞ்சது பந்து இல்ல, உன் முதுகு. ஏன்? வலது காலை மேசைக்கு அடியில வெக்கல. கால் வெளிய, கை உள்ள. வாய்க்காலோட இந்தக் கரையில நின்னுக்கிட்டு அந்தக் கரைத் தாரை அறுக்கிற மாதிரி. இது பழமும் இல்ல, காயும் இல்ல. பிஞ்சுலயே வெம்பிப் போன மொந்தன்.

இதுலயும் பாத்தியா, கைத் தப்புன்னு எடுத்து வெச்ச ரெண்டுல ஒண்ணு கால்ல போய் முடிஞ்சுது. பாக்கைத் திருப்பி வெக்கணும் போல.

எங்க காலத்துல இப்படி அவதியில்ல. 21 பாயிண்ட். நாலஞ்சு தப்பு பண்ணிட்டு, துண்டால மூஞ்சியைத் துடைச்சுட்டு, ஒரு யோசனை பண்ணித் திரும்பி வரலாம். 2001-ல 11 ஆக்கிட்டாங்க. இப்போ நாலு தப்புன்னா மூணுல ஒரு பங்கு வீடு போச்சு. அதுல நீ ஒவ்வொரு தப்புக்கும் காத்துலயே பேட்டை ஆட்டி ஆட்டி ‘இப்படி அடிச்சிருக்கணும்’னு சாமிக்கு விசிறி வீசுற. எதிராளிக்கு அதைவிட நல்ல செய்தி எது? ‘இவன் மனசு இன்னும் போன பந்துலயே இருக்கு’ன்னு பறையடிச்ச மாதிரி. எனக்குக்கூட ஒரு யோசனை வந்துச்சு: உன் பேக்ஹேண்டை அப்படியே வெச்சுக்க, மாத்திடாத. மாவட்டத்துல பாதிப் பசங்க அதை நம்பித்தான் ஆட வர்றாங்க. நாலு பேர் பொழப்பைக் கெடுத்த பாவம் நமக்கு எதுக்கு?

சிரிக்கிற. சிரி.

சந்திரசேகர்னு ஒருத்தர் இருந்தாரு சென்னையில. மூணு தடவ தேசிய சாம்பியன். மேசைக்கு முன்னாடி அவர் நகர்ந்தா நாட்டியம்னு சொல்வாங்க. 1984-ல முட்டிக்கு ஒரு ஆபரேஷன். அது கோளாறாப் போய் ஆட்டமே முடிஞ்சு போச்சு. கை அப்படியே இருந்துச்சுடா, அதே கை, அதே பேட்டு. வருஷக்கணக்கா நியாயம் கேட்டு வழக்காடினாரு. அப்புறம் நின்ன இடத்துல நின்னே எத்தனையோ பசங்களை ஆளாக்கினாரு. 2021-ல கொரோனா கொண்டு போயிடுச்சு. உனக்கு ரெண்டு முட்டியும் நல்லா இருக்கு. மடக்க மாட்டேங்கிற, அவ்வளவுதான்.

மேசை என்ன உயரம்? 2½ அடி. நீ எவ்வளவு? அஞ்சே முக்கால். நெட் 6 அங்குலம். இந்தக் கணக்குல நிமிந்து நின்னா பந்தை மாடியிலேருந்து எட்டிப் பாக்குற மாதிரிதான் தெரியும். குனிஞ்சாத்தான் அதோட முகம் தெரியும். ஆனா குனியிறதுன்னா முதுகை வளைக்கிறது இல்ல. முட்டியை மடக்கி, காலை அகட்டி, எடையை முன்பாதத்துல வெக்கிறது. தார் வெட்டுறவன் நிக்கிற நிலை. ஒருத்தன் அரிவாளால காம்பை அறுப்பான், இன்னொருத்தன் கீழ நின்னு தோள்ல வாங்குவான். முதுகால வாங்கினா அன்னைக்கே கட்டில். முட்டியால வாங்கணும், வாங்கின உடனே காலை மாத்தணும், அடுத்த மரத்துக்குப் போகணும். அங்கயும் முழங்கை விலாவோட ஒட்டக் கூடாது. ஒட்டினா தார் சரியும். ஒரு தார் 15 கிலோவாவது இருக்கும். இதை ஒரு காலைப்பொழுது செஞ்சவன் எவனும் மேசைக்கு முன்னாடி கம்பமா நின்னு நான் பாத்ததில்ல.

ஜிம்முக்கு மாசம் எவ்வளவு கட்டுற? ம்ம். இதுக்கு ஒரு பைசா வேண்டாம். தாத்தா வீட்டுல பழைய சோறு, மோர் மிளகா, கடைசியில ரஸ்தாளி ரெண்டு.

நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு ஒண்ணாம் நம்பர் டோல்கேட்ல வந்து இறங்கு, நான் சைக்கிளோட நிக்கிறேன். அந்த விசில் அடிக்கிற சிநேகிதன் இருக்கான்ல, அவனையும் கூட்டிட்டு வா. அவனுக்கும் கால் சரியில்லன்னுதான் தோணுது. மொத்தம் 18 தார்தான். செல்லை எடுத்துட்டு வந்தா மெதுவா ஓடுற வீடியோவும் எடுத்துக்கலாம், நான் வேணாம்னு சொல்லல. ஆனா வண்டியில ஏத்தி முடிச்சப்புறம்.